கடையத்துப் பல்செட்

விடியற்காலை ஐந்தரைக்கே தென்காசியில் எங்கள் பல்செட் பட்டறையில் மருந்து வாடை மூக்கைத் துளைக்கும். இளஞ்சிவப்பு அக்ரிலிக் பொடியில் திரவத்தை ஊற்றி, மாவுப் பதம் வந்ததும் பித்தளை அச்சுப்பெட்டியில் அமுக்கி அடைப்பார் ஜாஹிரா பீவி அக்கா. அந்தத் திரவம் பட்டுப் பட்டு அவர் விரல்நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. குற்றாலச் சாரலில் பொடி நனைந்துவிடும் என்று முதலாளி ஜெகதீஸ்வரன் ஜன்னலை மூடிவிடுவார். எங்கள் நெஞ்சு வெந்தால் யாருக்கென்ன!

பெட்டிகளை வெந்நீர்த் தொட்டியில் வேகவைப்பது என் வேலை. மெல்லச் சூடேற்றி மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். போன மாதம் ஆர்டர் கூடியதும், “நாப்பது நிமிஷம் கொதிச்சாப் போதும்லே குத்தாலிங்கம், எடு” என்றார் முதலாளி. எடுத்தேன். தினமும் எடுத்தேன்.

இன்று ஏழே முக்காலுக்குக் கடையத்துப் பெரியவர் ஒருவரின் செட் திரும்பி வந்தது. ஈறெல்லாம் புண்; பத்து நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லையாம். திருப்பிப் பார்த்தேன். ஊசி குத்தியதுபோல் பொடிப்பொடி ஓட்டைகள். அவசரமாகக் கொதிக்கவிட்டால் அப்படித்தான் வரும்.

முதலாளி ஜாஹிரா அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார்.

“நீ பிசைஞ்ச லட்சணம் இது. தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டு இன்னியோட நின்னுக்கோ.”

“பதினோரு வருசமா இந்தக் கையாலதான் பிசையுதேன், அண்ணாச்சி. ஒரு செட்டு திரும்பி வந்திருக்கா?”

“வாயாடாத. ஆர்டர் குடுத்த பல் டாக்டருக்கு நாந்தான பதில் சொல்லணும்?”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“அரைகுறையா எடுத்தது நான். எடுக்கச் சொன்னது நீங்க. அதத் தாள்ல எழுதுங்க” என்றேன்.

“ஏலே, ஒனக்கும் வேலை வேண்டாமா?”

பாலீஷ் மோட்டார் நின்றது. செட்டுகளுக்கு மெருகேற்றும் தங்கத்தாய் முகமெல்லாம் அக்ரிலிக் தூசியோடு வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள். “அப்ப எனக்கும் வேண்டாம். மூணு பேரையும் அனுப்பிட்டு நீங்களே பிசைங்க.”

முதலாளி தொட்டியைக் காட்டிக் கத்தினார். “பன்னெண்டு செட்டு ஒம்பது மணிக்குப் போணும். எடுலே வெளிய!”

நான் நகரவில்லை. அவரே இடுக்கியை எடுத்தார். ஜாஹிரா அக்கா தொட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“இதுவும் யார் வாய்க்கோ போற சாமான், அண்ணாச்சி. முழுசா வெந்தாத்தான் எடுப்போம்.”

முதலாளி இடுக்கியை எறிந்துவிட்டு, போனில் யாரையோ கூப்பிட்டார். ஆள் வரலாம், போலீஸும் வரலாம். நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்குமா, தெரியாது. பெட்டிகள் வேக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மூன்று பேரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம்.