அட்டையின் பின்பக்கம்

ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுண்டரில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. என் வேலை கேள்வி கேட்பது. பெயர், வயது, என்ன தொந்தரவு, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது. இந்தக் கடைசிக் கேள்விக்குத் தன் நம்பரையே கொடுக்கிறவர்கள் தினமும் இரண்டு பேராவது வருவார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். “ஏங்க, நீங்களே மயங்கிக் கிடந்தா ஃபோனை யாரு எடுப்பா?” என்பேன். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்த ஆள் மட்டும் ஏன் சிரிப்பதில்லை என்று நான் யோசித்ததே கிடையாது.

நான் ஓடவிருந்த மாரத்தானுக்கு முந்தின நாள், மார்பில் குத்திக்கொள்ள ஒரு நம்பர் அட்டை கொடுத்தார்கள். அதன் பின்பக்கத்தில் அதே கேள்வி, அதே வரி. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமினார். என் நம்பரையே எழுதிவிட்டு வந்தேன்.

ஊர் உலகத்தில் எனக்கு யாருமே இல்லை என்று சொல்ல முடியாது. கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள். தங்கச்சி. நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறாள். பேசி மூன்று வருஷம் ஆகிறது.

தப்பு என்னுடையதுதான். அம்மாவை வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. முதல் கட்டத்தில் என் நம்பரை எழுதினேன். இரண்டாவதைக் கோடு போட்டு அடித்தேன். தங்கச்சி அப்போது அம்மாவுக்காக வந்து என் வீட்டில்தான் தங்கியிருந்தாள், அந்த ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷ நடை. இருந்தாலும், நான் இருக்கும்போது அவளை எதற்கு அலைக்கழிப்பது என்று ஒரு பெரிய மனுஷத்தனம். அம்மாவுக்கு மூச்சு முட்டிய மதியம் ஏழு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கவுண்டரில் ஃபோன் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அது மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. நான் யாரிடமோ, நீங்களே மயங்கிக் கிடந்தா என்று வியாக்கியானம் செய்துகொண்டிருந்திருப்பேன். அம்மா போகும்போது பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

“அந்தக் கட்டத்துல என் நம்பரை எழுதியிருந்தா நான் போயிருப்பேனே,” என்றாள் தங்கச்சி. அழவில்லை. அதற்கப்புறம் பேசவும் இல்லை.

அம்மாவுக்குக் கஞ்சி வைத்து, துணி அலசி, மருந்து கொடுத்துப் பழகிய விடியற்காலை நேரம் வெறுமனே கிடந்தது. படுத்திருக்க முடியவில்லை. நடந்தேன். பிறகு ஓடினேன். “யாரு சார் துரத்துறா?” என்று எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் தினமும் கேட்பார். பதில் சொல்லி முடிகிற கதையா அது?

போட்டியன்று காலை, கிளம்பும் இடத்தில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். “சார், ஒரே ஒரு ஃபோட்டோ எடுங்களேன்,” என்று மூன்று குடும்பம் என்னிடம் ஃபோனை நீட்டியது. கூட யாரும் இல்லாதவன் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் போல. எடுத்துக் கொடுத்தேன். தலை வெட்டுப்படாமல் எடுத்தேன்.

இருபது கிலோமீட்டர் வரை ராஜா மாதிரி ஓடினேன். இருபத்தெட்டில் கால் கெஞ்சியது. முப்பத்து மூன்றில், ஒரு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, கண் இருட்டி, தரையில் சரிந்தேன்.

கண்ணைத் திறந்தபோது மஞ்சள் சட்டை போட்ட முதலுதவிக்காரப் பெண் என் அட்டையைத் திருப்பி, தன் ஃபோனில் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். என் இடுப்புப் பைக்குள் மணி அடித்தது. அவள் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏன் சார், நீங்களே மயங்கிக் கிடந்தா ஃபோனை யாரு எடுப்பா?”

எழுத்துப் பிசகாமல் என் வசனம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உப்புத் தண்ணீர் கொடுத்தாள். நாடி பார்த்தாள். காலை நீவிவிட்டாள். “நான் ஓடுறேம்மா,” என்றேன்.

“உங்க ஆளு ஒருத்தருக்காவது சொல்லாம விடமாட்டேன். எங்க விதி அது. நம்பர் குடுங்க, இல்ல வண்டியில ஏறுங்க.”

தூரத்தில், ஓட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வரும் வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் எழுந்திருக்கிறேன். விட மனமில்லை. என் நம்பரை விட்டால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். சொன்னேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“யாரு?” தங்கச்சி குரல்தான்.

முதலுதவிக்காரி என் பெயரைச் சொன்னாள். மாரத்தான் என்றாள், விழுந்துட்டார் என்றாள், பயப்பட ஒண்ணுமில்ல என்றாள். “அவர் உங்களுக்கு என்ன வேணும்?”

வேன் அருகில் வந்து நின்றது. தவறான நம்பர் என்று தங்கச்சி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பதறியது.

“அண்ணன்,” என்றாள். “பக்கத்துல யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லீங்க. நான்தான் இருக்கேன்.”



“அப்ப போயிடாதீங்க. அவர் எழுந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க.”

ஃபோனை அண்ணனிடம் கொடுங்கள் என்று தங்கச்சியும் கேட்கவில்லை, நானும் கை நீட்டவில்லை. ஃபோன் வைக்கப்பட்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத பெண்ணின் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவள் வேனைக் கையசைத்து அனுப்பினாள். அட்டையின் பின்பக்கம் என் நம்பரை அடித்துவிட்டு, கீழே தங்கச்சியின் நம்பரை எழுதினாள். நான் எழுந்து நிற்கிற வரை பக்கத்திலேயே இருந்தாள்.

மிச்சம் ஒன்பது கிலோமீட்டர். பாதி ஓட்டம், பாதி நொண்டல். முடிகிற இடத்தில் காற்றடைத்து நிறுத்தியிருந்த அலங்கார வளைவை இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் குறிக்கும் பாயைச் சுருட்ட வந்தவர், “வாங்க வாங்க, மிதிங்க, மெஷின் இன்னும் ஓடுது,” என்றார். மிதித்தேன். கை தட்ட அவர் ஒருத்தர்தான் இருந்தார். அவரும் பாயைச் சுருட்டப் போய்விட்டார்.

காலி நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தேன். அட்டையைப் பார்க்காமலே நம்பரைப் போட்டு, “முடிச்சுட்டேன்” என்று தங்கச்சிக்குச் செய்தி அனுப்பினேன். அவள் படித்துவிட்டாள் என்று ஃபோன் காட்டியது. பதில் இல்லை.

ஷாமியானாவைப் பிரித்தார்கள். நாற்காலியையும் கேட்டார்கள். எழுந்து கொடுத்தேன். வீடு வரைக்கும் ஃபோனைப் பைக்குள் போடவில்லை. வியர்த்த கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.