கறவை மோட்டாரும் கடன் பாலும்

1

குறுக்கு வலிக்கிறது. மருத்துவமனை வராந்தாவின் இரும்பு நாற்காலி ஒருக்களித்து உட்கார மட்டுமே இடம் தரும். இந்தக் கதை அந்த நாற்காலியில் பிறந்தது. சொல்லிக்கொள்ள இதற்கு வேறு பூர்வீகம் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தங்கையின் குழந்தை, குறைமாதப் பிள்ளை, மூக்கில் குழாயோடு பாலுக்குக் காத்திருந்தது. தங்கைக்குப் பால் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். தாய்மைச் சிறப்பிதழாம். பாலைப் பற்றி உருக்கமாக ஏதாவது வேண்டுமாம். தருகிறேன் என்றேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

முதல் தொடக்கம்: தாயின் மார்பில் சுரப்பது வெறும் பாலல்ல, அது—

(அடித்துவிட்டேன். அது பால்தான். வராதபோது அது பால் மட்டும்தான்.)

2

இரண்டாவது தொடக்கத்தை அறிவியலிடம் கொடுத்துப் பார்த்தேன். பால் என்பது ஆதியில் தோலில் கசிந்த ஈரமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியென்றால் வேர்வைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வாத்து அலகோடு ஒரு பிராணி இருக்கிறது, அதற்கு இன்றும் காம்பு கிடையாது. வயிற்று மயிரில் கசிவதைக் குட்டி நக்கிக் குடிக்கும். கங்காரு ஒரு காம்பில் புதுக் குட்டிக்கு ஒரு பாலும், மறு காம்பில் வளர்ந்த குட்டிக்கு வேறு பாலும் ஒரே சமயத்தில் தரும். பனிக்கடலில் சீல் என்றொரு பிராணி, சில நாள் கொழுப்பாக ஊட்டிவிட்டுக் குட்டியைப் பனியில் விட்டுப் போய்விடும். அதனிடம் எந்த ஆசிரியரும் உருக்கமாகக் கேட்பதில்லை.

மனுஷிக்கு முதலில் வருவது மஞ்சள் பால், சீம்பால். பிறந்த குடலுக்கு அது உள்பூச்சு, நோய் நுழையும் சந்துகளை அடைக்கிறது.* குறைமாதக்காரியின் பால், குறைமாதப் பிள்ளைக்கென்றே கொஞ்சம் வேறு பக்குவத்தில் சுரக்கும். உடம்புக்குக் கணக்குத் தெரிகிறது. ஆனால் எங்கள் வீட்டு உடம்பு கணக்குப் போட்டுவிட்டு, கொடுக்க மாட்டேன் என்று நின்றது.

* என் அப்பா கொத்தனார். உவமை சரியில்லை என்றால் அவரிடம் போய்க் கேளுங்கள்.

3

இப்போது கதாபாத்திரம். தங்கை ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறாள். கையால் அல்ல, மோட்டாரில். மடியைக் கழுவி, துடைத்து, நாலு குழாயை ஒட்ட வேண்டும். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. கன்று விழுந்தவுடனே சீம்பால் புகட்டியாக வேண்டும் என்று கொட்டகைச் சுவரில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கறக்கிறவளுக்குப் பேறுகாலத்தில் என்ன செய்யலாம் என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை. சுவரில் இடம் இல்லாமல் இருந்திருக்கும். பசுவின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தபோதே அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து, பால் சுரக்கட்டும் என்று தாய்ப்பசு முன் நிறுத்துவார்களே, அதை வைத்தால் வாசகர் அழுவார் என்றார். வைத்தேன். நன்றாகவே வந்தது. கட்டிலருகே உட்கார்ந்து தங்கைக்கு வாசித்தும் காட்டினேன்.

"என் புள்ள உசுரோட இருக்குண்ணா" என்றாள். "அந்த வைக்கோல நீயே தின்னு."

(வைக்கோல் கன்று இருந்த பத்தி இங்கேதான் இருந்தது.)

4

சிக்கல் என்னவென்று சிஸ்டர் விளக்கினார். பால் உள்ளே இருக்கிறது, மார்பு கல்லாகக் கட்டியிருக்கிறது, இறங்கத்தான் மறுக்கிறது. பயந்தால், பதறினால் உடம்பு மதகைத் திறக்காது. அதற்காக மாவுப் பால் கொடுக்கலாமா என்றால், இவ்வளவு சின்னக் குடல் அதில் வீங்கி அழுகிப்போக வாய்ப்பு அதிகம். ஆகவே மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். சொல்லிவிட்டுப் பால் எடுக்கும் அறையில் புல்லாங்குழல் போட்டார். குழந்தையின் படத்தைச் சுவரில் ஒட்டினார். தங்கை பால் உறிஞ்சும் பம்பைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் படத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

அதுவரை குழந்தை உயிர் பிடித்தது பக்கத்துக் கட்டில்காரியால். எப்போதும் ஒரே பச்சை நைட்டியில் இருப்பாள். அவள் குழந்தையும் கண்ணாடிக்கு உள்ளேதான். அதன் வயிற்றுக்கு ஓய்வு வேண்டும் என்று பாலை நிறுத்தியிருந்தார்கள். இவளுக்கோ ஊற்று. பரிசோதனையெல்லாம் முடித்து, அவள் பாலைச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து எங்கள் குழந்தைக்குக் கொடுத்தார்கள். தங்கை கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

"கும்பிடெல்லாம் வேணாம், கடனாத்தான் தரேன்" என்றாள் பச்சை நைட்டி. "எம்புள்ள குடிக்க ஆரம்பிக்கையில எனக்கு வத்திப்போச்சுன்னா, நீ தரணும்."

தங்கை சரி என்றாள்.

இந்த இடத்தில் பச்சை நைட்டியைத் தெய்வமாக்கி ஒரு வாக்கியம் தொடங்கினேன்: அவள் உருவில் அன்று—

(தெய்வம் கடன் என்று சொல்லிக் கொடுக்காது. இவள் சொன்னாள். அதனால் இவள்தான் மேல்.)

5

யோசனை மாப்பிள்ளையுடையது. தங்கையின் புருஷன், அதே கொட்டகையில் சாணி அள்ளுகிறவர். மோட்டார் சத்தம் கேட்டால்தான் மாடு சுரப்பு விடும், இத்தனை வருஷம் அதே சத்தத்தில் நின்றவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். பெண்டாட்டியை மாட்டோடு சேர்த்துப் பேசுவதா என்று நான் இலக்கியவாதியாகக் கோபப்பட்டேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. கொட்டகைக்குப் போய், செல்போனில் மோட்டாரைப் பதிவு செய்துகொண்டு வந்தார்.

அடுத்து நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே பாதிதான் நம்புகிறேன்.

அறையில் புல்லாங்குழலை நிறுத்தி, பதிவைப் போட்டார்கள். டுக்-சக், டுக்-சக். தங்கையின் தோள் கொஞ்சம் இறங்கியது. பால் இறங்கவில்லை. டுக்-சக். அப்போது போனுக்குள்ளிருந்து, பதிவுக்காரருக்கே தெரியாமல் மாட்டியிருந்த பண்ணை சூப்பர்வைசரின் குரல் வெடித்தது.

"எவடி அவ சும்மா நிக்கிறவ? ஒட்டுடி மிஷின!"

பால் பீச்சியடித்தது.

அதே அறையில் பால் எடுக்க வந்திருந்த பச்சை நைட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்கடி, தையல் இழுக்குது" என்று கெஞ்சினாள். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். இதெல்லாம் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவர் சொன்னது. தங்கை மட்டும் சிரிக்கவில்லையாம்.

"அந்தாளு கத்துனாத்தான் வருமாம். வெக்கங்கெட்ட உடம்பு" என்றாளாம். சொல்லிவிட்டு, பதிவை மறுபடி போடச் சொன்னாளாம்.

ஆசிரியர் இதை ஒப்பவில்லை. குழந்தையின் அழுகை கேட்டுப் பால் சுரந்ததாக மாற்றச் சொன்னார். குழந்தைக்கு அழ மூச்சு ஏதுங்க என்று கேட்டேன். கதை சிறப்பிதழில் வராது. நீங்கள் வேறு எங்கோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

6

இங்கே முடித்தால் நல்ல கதை. குழந்தை தேறியது; குழாய் போய், மார்பிலேயே குடிக்கிறது. பண்ணையிலிருந்து, வேலைக்கு எப்போது வருகிறாள் என்று கேட்டனுப்பினார்கள். தன் குரல் செய்த உபகாரம் சூப்பர்வைசருக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஆள் பிடித்துப் பெருமையடிப்பார்.

ஆனால் பால் இறங்கிய புதிதில், முதல் சில கறப்பு எங்கள் குழந்தைக்கே சரியாக இருந்தது. மிச்சம் விழுந்த முதல் காலையில் தங்கை ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். அங்கே வேறு ஒருத்தி படுத்திருந்தாள். பச்சை நைட்டியின் குழந்தைக்கு விடியும்போது வயிறு வீங்கி, இருவரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதற்கு, வெளியே சொல்லக்கூடாது என்றார் சிஸ்டர். பேரைக்கூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. தங்கை கிண்ணத்தோடு தன் கட்டிலுக்குத் திரும்பினாள்.

முடிவு ஒன்று: அந்தக் குழந்தை பிழைத்தது, இப்போது பச்சை நைட்டியின் இடுப்பில்—

முடிவு இரண்டு: அந்தக் குழந்தை—

(இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "தெரியாதத எழுதாதண்ணா" என்றாள். அவள் மடியில் பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது.)

ஆகவே முடிவு உங்கள் கையில். உங்களுக்கு என்ன பிடிக்குமோ எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் எதை எழுதினாலும் கீழே உள்ளது மாறாது.

பச்சை நைட்டிக்காரிக்கு என் தங்கை பால் பாக்கி.