ரெண்டாம் புள்ளடி

நடந்ததெல்லாம் நடந்தபடியே என் நினைவில் இருக்கிறதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இராஜசிங்கம் தோற்றது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மாகாண சபைத் தேர்தலில். அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் அவருக்கும் றஊப் நானாவுக்கும் பேச்சு நின்றது முடிவு வந்த அன்றா, அல்லது பெருநாளைக்கு நானா வீட்டிலிருந்து வந்த வட்டிலப்பப் பலகாரத்தை இராஜசிங்கம் திருப்பி அனுப்பிய அன்றா என்று புளத்கொகுபிட்டியவில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். ஆகவே கீழே சில வார்த்தைகள் இடம் மாறி விழுந்திருக்கலாம். ஆட்கள் மாறவில்லை.

இராஜசிங்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன். தோட்டத் தலைவராகி, தொழிற்சங்கத்துக்கு மாவட்டத் தலைவராகி, இரண்டாயிரத்து எட்டில் மாகாண சபை உறுப்பினரானார். சபை கூடும் நாட்களில் விடியுமுன் புறப்பட்டு இரத்தினபுரிக்குப் போவார். அங்கே சிங்களத்தில் பேசுவார். அவருடைய சிங்களம் நல்ல சிங்களம். வீடு திரும்பியதும் மனைவி குணேஸ்வரி, யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்து இங்கேயே தங்கிவிட்டவள், "இண்டைக்கு என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்பாள். பத்து நிமிடம் முழங்கியது தமிழில் சொல்லும்போது இரண்டு வரியாகிவிடும். தண்ணீர்க் குழாய் கேட்டேன். தருகிறேன் என்றார்கள். அந்த நாலு வருடத்தில் தோட்டத்தின் இரண்டு டிவிசனுக்குக் குழாய் வந்தது, தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குக் கூரை வந்தது, சபை உறுப்பினரை இங்கே அழைக்கிற மந்திரி என்ற பெயர் அவருக்கு வந்தது. பெயர் மட்டும் பிறகு போகவே இல்லை.

அடுத்த தேர்தலில் அதே பட்டியலில் றஊப்பும் நின்றார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர்; ஊரில் எல்லாருக்கும் நானா, அண்ணன். அந்தத் தேர்தலின் முறை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாக்குச் சீட்டில் கட்சிக்கு, பெருக்கல் குறி போல, ஒரு புள்ளடி போட வேண்டும். அதன்பின் அந்தக் கட்சியில் நிற்பவர்களில் மூன்று பேர் வரைக்கும், அவரவர் இலக்கத்தின் மேல் ஒரு புள்ளடி போடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று முதல் புள்ளடி முடிவு செய்யும். அதில் யார் உட்காருவது என்று மற்றப் புள்ளடிகள் முடிவு செய்யும். எதிரி வேறு கட்சியில் இல்லை, பக்கத்துக் கதிரையில்தான் இருப்பான்.

கேகாலை மாவட்டத்தில் தோட்டத்து வாக்கு தனியாக ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. முஸ்லிம் வாக்கும் அப்படித்தான். அதனால் இருவரும் றஊப்பின் கடையில் உட்கார்ந்து, வெறுந்தேநீர் குடித்து, கை கொடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்கள் இராஜசிங்கத்தின் பதினேழாம் இலக்கத்துக்குப் போட்டுவிட்டு, ரெண்டாம் புள்ளடியை றஊப்பின் நாலாம் இலக்கத்துக்குப் போடுவார்கள். கடைத்தெரு ஆட்கள் நாலுக்குப் போட்டுவிட்டு, ரெண்டாம் புள்ளடியைப் பதினேழுக்குப் போடுவார்கள்.

றஊப் மயிரிழையில் உள்ளே போனார். இராஜசிங்கம் வெளியே நின்றார்.

"எங்க ஆளுங்க போட்டாங்க. அவங்க ஆளுங்க போடல." இராஜசிங்கம் இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னார், கோயில் திருவிழாவில் சொன்னார், கல்யாண வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னார். தோட்டம் கேட்டுக்கொண்டது. தகரமோ ஆணியோ வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கரவனெல்லவுக்குப் போனார்களே தவிர, றஊப்பின் கடைப் படியை மிதிக்கவில்லை. றஊப் ஐந்து வருடம் சபையில் இருந்தார். பிறகு சபையின் காலம் முடிந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தல் என்று ஒன்று வரவேயில்லை. ஒருவர் தோற்ற மந்திரி, மற்றவர் சபை இல்லாத மந்திரி என்று ஊரில் சிரித்தார்கள். சிரிப்பும் வருடம் போகப் போக அலுத்துவிட்டது.

அண்மையில் ஒரு நாள், தேர்தல் வரப்போகிறது என்று மறுபடியும் பேச்சு எழுந்தது. றஊப் தன் பழைய வேனை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறி வந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆர் வந்திருக்கிறார் எண்டு பாருங்கோ," என்றாள் குணேஸ்வரி. "உள்ளுக்கு வாங்கோ நானா."

இராஜசிங்கம் கதிரையிலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்தார். ஆனால் எழுந்துவிட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள். ரப்பர் மரங்கள் நின்ற எதிர் மலையில் இப்போது கட்டுப்பொல் என்னும் எண்ணெய்ப்பனை நட்டிருந்தார்கள்; இருவரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வெறுந்தேநீர் வந்து ஆவி விட்டது.

"மழ வரும் போல," என்றார் றஊப்.

"வரும்."

"தலைவர், மழயப் பத்திப் பேச நான் இந்த மலையில வேன ஏத்தல்ல. கட்சியில சொல்லீக்கிறாங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து நின்டா மட்டும்தான் பட்டியல்ல பேர் போடுவாங்களாம். இல்லாட்டி ஒருத்தருக்குமில்ல."

"நீங்க நில்லுங்க. ஒங்களுக்கென்ன, பழகின எடம்."

"எனக்கு நெஞ்சுல கம்பி வச்சீக்கி. நான் நிக்கிறது ஒங்களுக்குத் தொணைக்கு. இந்த மொற போறது நீங்க."

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க. தேத்தண்ணி கூட இதே தேத்தண்ணி."

"தேத்தண்ணி நான் போட்டது," என்றாள் குணேஸ்வரி. "குடிச்சிட்டுச் சண்டை பிடியுங்கோ. ஆறிப்போகுது."

இராஜசிங்கம் குடிக்கவில்லை. அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஆசனம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு. இத்தனை வருடமாகத் தான் சொல்லிவந்தது பொய்யில்லை என்று ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் இப்போது எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நானா, ஒண்ணே ஒண்ணு. லயத்துக்கு வாங்க. எங்க ஆளுங்க முன்னுக்கு நின்னு, 'எங்க ஆளுங்க ஒங்க தலைவருக்கு ரெண்டாம் புள்ளடி போடல'ன்னு சொல்லுங்க. அப்புறம் எந்தத் தாள்ல வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

றஊப் கோப்பையைத் தூர நகர்த்தினார்.

"போட்டாங்க தலைவர். நான் பள்ளிவாசலுக்கு முன்னுக்கு நின்டு, வந்தவன் போனவனுக்கெல்லாம் சொன்ன."

"போட்டிருந்தா எங்க போச்சு? காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா?"

"தெரியா." றஊப் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "சரி. எழும்புங்க, போவம். நான் சொல்றன்."

"செய்யாததை ஏன் சொல்லப் போறியள்?" என்றாள் குணேஸ்வரி.

"இல்ல இல்லன்டு சொல்லி ஏலாமப் போச்சு டீச்சர். ஓம்டு சொன்னாலாவது முடியுதான்டு பாப்பம்."

குற்றம் செய்தவன் இப்படித்தான் வளைந்து பேசுவான் என்று இராஜசிங்கம் எண்ணிக்கொண்டார். ஆனால் நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை.

வேலை முடிந்து ஆட்கள் வந்திருந்த நேரம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் இருபது பேர் போலக் கூடினார்கள். குழாயடியில் நின்றவர்கள் வாளியோடு வந்தார்கள். முன்வரிசையில் செவனம்மா, பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்றவள், யார் பேசினாலும் முன்னால் நிற்பவள்.

"மந்திரி ரெண்டு பேரும் ஜோடியா வந்திருக்காங்க," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "எலெக்சன் வந்திருச்சு போல."

"மத்த நாள்ல வந்தா நமக்கே பயமா இருக்கும்ல," என்றார் இன்னொருவர்.

றஊப் தரையைப் பார்த்தபடி தொடங்கினார். "ஒங்களுக்கு ஒரு விஷயம் சொல்லத்தான் வந்த. அந்த எலெக்சன்ல, ஒங்க தலைவருக்கு, எங்கட ஆக்கள், ரெண்டாம் புள்ளடிய..."

"நாங்க போட்டோம் நானா," என்றாள் செவனம்மா.

"நீங்க போட்டது எனக்கு. நான் சொல்ல வந்தது..."

"ஒங்களுக்கும் போட்டோம், தலைவருக்கும் போட்டோம். அந்தப் பெரிய மஹத்தயா ஜீப்ல வந்து கும்பிட்டாரே, அவருக்கும் போட்டோம். பஸ்காரர் மகன் வந்தாரு, லயத்துல தண்ணி வாங்கிக் குடிச்சாரு, கொழந்தையத் தூக்கினாரு. அவருக்கும் ஒண்ணு போட்டோம். நாலு பேருக்கும் கொற வைக்கலிங்க."

இராஜசிங்கம் முதலில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார்.

"நாலு பேருக்குமா போட்டீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, யாரு வந்து கேட்டாலும் சரின்னு சொல்லுங்கன்னு. சரின்னு சொல்லிட்டு எப்புடிங்க போடாம இருக்கிறது? வீடு தேடி வந்தவங்க."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்றார் வாளியோடு நின்றவர். "மேல் லயம், கீழ் லயம் எல்லாமே அப்படித்தான். பேசி வச்சில்ல போட்டோம்."

யாரோ பெருமையாகச் சிரித்தார்கள்.

மூன்றுக்கு மேல் போட்டால் அந்தச் சீட்டில் விருப்பு வாக்கு ஒன்றுமே செல்லாது. கட்சிப் புள்ளடி நிற்கும். ஆட்களின் புள்ளடி எல்லாம் போய்விடும். இது இராஜசிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அன்று கூட்டம் கூட்டமாகப் பதினேழு, நாலு, பதினேழு, நாலு என்று தொண்டை கட்டக் கத்தியவர், மூன்றுக்கு மேல் போடாதீர்கள் என்று ஒரு தடவை சொல்லியிருப்பாரா என்று யோசித்தார். சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்ல அவசியம் இருக்கும் என்றே நினைக்கவில்லை. சரி என்று சொல்லுங்கள் என்றது வேறு காரணத்துக்காக. தேர்தல் நாட்களில் யார் யாரோ வாகனத்தில் வருவார்கள். முடியாது என்று சொன்ன லயத்துக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. வாயால் சொல்லித் தப்பிக்கச் சொன்னார். அவர்கள் வாயால் சொன்னதைக் கையால் செய்துவிட்டார்கள்.

றஊப்புக்கும் புரிந்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கூட்டத்தில் வேறு யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. மந்திரிமார் அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தார்கள். குழாயைச் சரியாக மூடாமல் வந்திருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

றஊப் தொண்டையைச் செருமினார். விட்ட இடத்திலிருந்து தொடங்கி அந்த வார்த்தையைச் சொல்லி முடித்துவிடப் போகிறார் என்று இராஜசிங்கத்துக்குத் தெரிந்தது. விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை வருடம் நின்ற பழி இன்னும் ஒரு மாலை நிற்பதால் என்ன வந்துவிடப்போகிறது.

"நானா ஒண்ணும் ஏமாத்தல," என்றார் இராஜசிங்கம்.

கூட்டம் அவரைப் பார்த்தது.

"நான்தான் தப்பா சொல்லிக்கிட்டு இருந்தேன். அவங்க ஆளுங்க போட்டிருக்காங்க. அதச் சொல்லத்தான் நானாவக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

செவனம்மா கண்ணைச் சுருக்கினாள். "அப்ப நீங்க எப்புடித் தோத்தீங்க தலைவரே?"

அவர் குழாயடிப் பக்கம் பார்த்தார்.

"ஓட்டுப் பத்தல."

"நாங்க அத்தன பேரும் போட்டுமா?"

"ஆமா. போட்டும்."

அவள் இன்னும் ஏதோ கேட்கப் பார்த்தாள். பிறகு, "பாவம்," என்று மட்டும் சொன்னாள். வாளிகள் குழாயடிக்குத் திரும்பின.

வேன் நின்ற இடத்துக்கு ஏறும் பாதையில் றஊப் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

"அந்த மனிசிக்கிட்ட சொல்லீக்கலாமே."

"என்னன்னு சொல்ல? செவனம்மா, நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்துனீங்க, அதனால நான் தோத்தேன்னா?"

றஊப் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டு, "நானும் ஒங்களத்தான் நெனச்சீந்த," என்றார்.

"என்னன்னு?"

"எனக்குத் தோட்டத்துலேந்து ஒண்டும் வரல்லயே. தலைவர் என்னய வெட்டிட்டாருன்டுதான் நெனச்ச. ஊட்டுல பொஞ்சாதி நூரியாகிட்ட மட்டும்தான் சொன்ன."

"வெளிய ஒரு வார்த்த சொல்லலியே."

"வென்டவன் மொறப்பாடு சொன்னா கேக்குற ஆள் ஈக்கா?"

வேனின் கதவு ஒரே தடவையில் திறக்காது. றஊப் அதை இழுத்துக்கொண்டே, "அப்ப நாளைக்கு கேகாலைக்குப் போவமா? பேரக் குடுத்திட்டு வந்திடுவம்," என்றார்.

இராஜசிங்கம் கட்டுப்பொல் மலையைப் பார்த்தார். காலையில் கேட்டிருந்தால் போயிருப்பார். ஒரு கோபம் இருந்தது; அதைச் சபைக்குக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. இப்போது உள்ளே தேடிப் பார்த்தால் குழாய் இருந்தது, கூரை இருந்தது, இரத்தினபுரிப் பாதையின் வளைவுகள் இருந்தன. கோபத்தைக் காணவில்லை. அது இல்லாமல் தன்னால் மேடை ஏற முடியும் என்று தோன்றவில்லை. இன்னொரு முறை லயம் லயமாகப் போய் ஓட்டுக் கேட்டால், செவனம்மா சரி என்பாள். வந்து கேட்கிற எல்லாருக்கும் சரி என்பாள்.

"நான் வரல நானா. நீங்க என்னைப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க."

"நீங்க இல்லாம என்னய எங்க பட்டியல்ல போடப் போறாங்க," என்றார் றஊப். அதில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று இராஜசிங்கத்துக்குத் தெரியவில்லை.

இருவரும் பேர் கொடுக்கவில்லை. தேர்தல் பேச்சு அடங்கியது, இதை எழுதும் வரை திகதி வரவில்லை. றஊப் கடையை மருமகனிடம் விட்டுவிட்டார். அஸர் தொழுதுவிட்டு வந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறார், வியாபாரத்தில் தலையிடுவதில்லை. நூரியா பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பினாள். அது திரும்பி வரவில்லை. தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் இப்போது அந்தக் கடைக்குப் போகிறார்கள். மற்றப் பாதி இன்னும் கரவனெல்லவுக்கே போகிறார்கள். றஊப் ஏமாற்றியதாகத்தான் அவர்கள் இன்னும் சொல்கிறார்கள், இராஜசிங்கம் எதிரில் இருந்து மறுத்தாலும் சொல்கிறார்கள். செவனம்மா கித்துல்கலவில் மகளோடு இருக்கிறாள். படகு விட வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் மகளுக்கு வேலை. குணேஸ்வரி பென்சன் எடுத்துவிட்டு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். சங்கம் வேறு மாவட்டத் தலைவரைத் தெரிவு செய்தது. இராஜசிங்கத்துக்கு இப்போது எந்தப் பதவியும் இல்லை. மந்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.