மழை பெய்த பயணம்

திரையில் ஆட்டுக்கூட்டம் ஒன்று பாதையை மறித்து நின்ற படம் வந்தபோது சற்குணம் திரையைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசைக் கரைக் கதிரையில் இருந்த குடும்பச் சிநேகிதி றஜீனாவைப் பார்த்தாள். பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த றஜீனா பாதியில் நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது.

பெட்டிக்குள் அவளுடைய புருசன் வாமதேவன் நீலக் கோட்டுடன் கிடந்தார். பத்து நாளுக்கு முன் குளியலறையில் விழுந்தவர். அம்புலன்ஸ் வருமுன்பே முடிந்துவிட்டது. கிங்ஸ்பரியில் இருபத்தாறு வருசமாகக் கடை வைத்திருந்த மனிதர், கோயில் சபையிலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருந்தவர். மண்டபம் நிறைந்திருந்தது. இடமில்லாமல் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சற்குணத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில், சனத்தைப் பார்த்தபடி இருத்தியிருந்தார்கள். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அடுத்த படம். கருங்கற்பாறைகள், சாம்பல் கடல், மலையை ஒட்டி வளைந்து போகும் ஒற்றைப் பாதை. காரில் சாய்ந்து நின்று வாமதேவன் சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து அந்த மண்டபத்தில் ஒருவரும் கண்டதில்லை.

சங்கச் செயலாளர் சந்திரகுமார் ஒலிவாங்கியில், சற்குணம் எழுதிக் கொடுத்த தாளை வாசித்தார். "மூன்று ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில், தன் துணைவியாரின் நீண்டநாள் ஆசையை நிறைவேற்றும் பொருட்டு, அமரர் அவரை ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அழைத்துச் சென்றார். அந்த இனிய பயணத்தின் நினைவுகளையே இப்போது காண்கிறீர்கள்."

சனம் உச்சுக்கொட்டியது. றஜீனா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள்.

மகன் றொஷான் குனிந்து தாயின் காதருகே கேட்டான். "அம்மா, நீங்கள் அங்க போனனீங்களே?"

"ஏன், நீ வீட்டில இருந்தனியே?"

அவன் ரெடிங்கில் தனியாக இருப்பவன். நிமிர்ந்து நின்றுகொண்டான்.

ஆசை என்னவோ உண்மைதான். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் சற்குணம் பத்தொன்பது வருசம் வேலை செய்தவள். அங்கே ஓய்வறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ரீவியில்தான் ஒருநாள் அந்த இடத்தைக் கண்டாள். ஆர்ட்னமேர்க்கன் என்று பெயர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை, அதன் அந்தலையில் ஒரு வெளிச்சவீடு. மரமில்லை, கடையில்லை, சனமில்லை. ஈரத் துணியின் ஆவிக்குள் வேலை செய்துவிட்டு வந்திருந்தவளுக்கு அந்த வெறுமை தண்ணீர் குடித்ததுபோல இருந்தது. அன்றைக்கே வீட்டில் கேட்டாள்.

"அங்க என்ன கிடக்கு? மழையும் ஆடும்," என்றார் வாமதேவன்.

எட்டு வருசம் கேட்டாள். கடையை ஆர் பாக்கிறது என்றார், முழங்கால் ஏலாது என்றார், ஒத்தை றோட்டில எதிர வாகனம் வந்தால் என்ன செய்யிறது என்றார். அவருக்கு அந்தப் பாதையில் பயம் என்று நினைத்து, லைப்ரரியில் புத்தகம் எடுத்து வாசித்துக் கொப்பித்தாளில் வழியை எழுதிக் கொடுத்தாள். எந்த இடத்தில் காரைச் சின்னக் கப்பலில் ஏற்றுவது, எங்கே பெற்றோல் அடிப்பது, எந்தக் கடற்கரையில் மணல் வெள்ளை. 'எதிர வாகனம் வந்தால் ஒதுங்க ஒவ்வொரு வளைவிலும் இடம் இருக்கு, பயப்பிடத் தேவையில்லை' என்று கீழே கோடும் போட்டிருந்தாள். அவர் அதை வாங்கி மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

போன வெள்ளி, நினைவுப் படங்கள் எடுத்துத் தரச்சொல்லி றொஷான் கேட்டதால் அவருடைய ரப்லட்டைத் திறந்தாள். நாற்பத்து மூன்று படங்கள் ஒன்றாகக் கிடந்தன. கிளாஸ்கோவில் கூட்டாளியின் மகளுக்குக் கலியாணம் என்று நாலு நாள் போய்வந்த மே மாதம். அதே கிழமைதான் றஜீனா தமக்கையைப் பார்க்கப் பாரிசுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவள். நாலு படத்தில் றஜீனா இருந்தாள். ஒன்றில் அவருடைய கம்பளித் தொப்பியைப் போட்டிருந்தாள்.

அதைக்கூடச் சற்குணம் பொறுத்திருப்பாளோ என்னவோ. காருக்குள் எடுத்த ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், கண்ணாடியோடு சாய்த்து வைத்திருந்தது அவளுடைய கொப்பித்தாள். அவளுடைய கையெழுத்து, அவள் போட்ட கோடு.

சமையலறைக் கதிரையில் தேத்தண்ணி ஆறி ஏடு கட்டும்வரை இருந்தாள். பிறகு பென் ட்ரைவை எடுத்து வந்து, அவர் தனியாக நின்ற படங்களும் ஆளில்லாத படங்களுமாகப் பார்த்துப் பதினொன்றை ஏற்றினாள். றஜீனா இருந்த நாலையும் விட்டுவிட்டாள். விட்டது றஜீனாவுக்குத் தெரியாது. அதுதான் வேண்டும்.

இப்போது ஒவ்வொரு படத்துக்கும் ஆறு வினாடி. படம் மாறும் தருணமெல்லாம் றஜீனாவின் கண் சிமிட்டியது. சங்குச் சிப்பிகள் கிடந்த வெள்ளை மணல் வந்தது. வெளிச்சவீடு வந்தது. அதன் அடியில் காதுகளைப் பொத்திக்கொண்டு வாமதேவன். அடுத்தது தன்னுடையது என்று றஜீனா நினைத்தது அவள் தோளில் தெரிந்தது. வந்தது நீளமயிர் மாடு ஒன்று. பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

பதினொன்றும் முடிந்து, சங்கக் கூட்டங்களில் எடுத்த படங்கள் வரத் தொடங்கின. சனம் பூப்போட வரிசையாக வந்தது. றஜீனா கடைசியாக, புருசன் இராஜேந்திரனோடு வந்தாள். இராஜேந்திரன் பேக்கரியில் பன்னிரண்டு மணி ஷிப்ட் செய்கிறவர். வாமதேவன் விழுந்த செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவர் அவர்தான். பத்து நாளும் இடியப்பப் பார்சலோடு வந்து, வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனவர்.

சற்குணம் றஜீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"படங்கள் பாத்தனீரே?"

"பாத்தன் அக்கா."

"அந்த வெளிச்சவீட்டடி. என்ன காத்து தெரியுமே! விட்டால் நான் பறந்திடுவன் எண்டு இவர் என்ர கையை விடவே இல்லை."

"ஓம் அக்கா."

றஜீனாவின் கை குளிர்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தது. சற்குணம் விடவில்லை.

"ஆனால் மழை, றஜீனா. நாலு நாளும் ஒரே மழை. காரை விட்டு இறங்க ஏலேல்லை. இவருக்கு எரிச்சலெண்டால் எரிச்சல். தெரியாமல் வந்து மாட்டுப்பட்டிட்டன், எப்ப வீட்டை போவம் எண்டு நிண்டவர். செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டன் எண்டு சொன்னவர்."

"இல்லை அக்கா."

மெல்லத்தான் சொன்னாள்.

"என்ன இல்லை? ஒரு நாள்கூட அவர் அங்க சந்தோசமா இருக்கேல்லை."

"ஒரு சொட்டு மழை பெய்யேல்லை!" றஜீனாவின் குரல் உடைந்து உயர்ந்தது. "திரும்பி வர மனமில்லாமல் இருந்தவர். நீங்கள் ஏன் பொய்…"

நிறுத்தினாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் பூவிதழ்களைத் தூவிக்கொண்டிருந்த இராஜேந்திரன் தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். அங்கே யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். அவருடைய கையில் மிஞ்சிய பூ அப்படியே இருந்தது.

"நீ பாரிசுக்குப் போன அந்தக் கிழமை," என்றார். கேள்வியாக இல்லை.

சற்குணம் இப்போதுதான் கையை விட்டாள். றஜீனாவை என்ன செய்வது என்று ஆறு நாளாக யோசித்தவள், இந்த மனிதரை ஒரு தடவையும் யோசித்திருக்கவில்லை. அவர் கையில் இருந்த பூவைப் பெட்டியின் ஓரத்தில், தட்டில் திரும்ப வைப்பதுபோல் வைத்துவிட்டு, விலகி வழிவிட்டார்.

மூடுவதற்கு முன் வாய்க்கரிசி போடச் சற்குணத்தை எழுப்பினார்கள். போட்டாள். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கட்டும் என்று பெண்கள் ஒதுங்கினார்கள். அவள் குனிந்து அவர் காதருகே, தனக்கே கேளாத குரலில் சொன்னாள்.

"மழைதான் பெய்தது."

பின்னால் யாரோ விம்மி அழுதார்கள். மூடியைத் திருகும் சத்தம் கேட்கும்வரை அவள் அசையவில்லை.

சுடலையில் எல்லாம் கெதியாக முடிந்தது. அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. றொஷான் பொத்தானை அமர்த்தினான், பெட்டி உள்ளே போக முன்னால் திரைச்சீலை இழுபட்டது. சற்குணம் அழுவாள் என்று இரண்டு பெண்கள் இருபக்கமும் தோளைப் பிடித்தபடி நின்றார்கள். அவள் அழவில்லை. அவளுக்கு முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது, இருக்க வேண்டும்போல இருந்தது. இராஜேந்திரன் கடைசி வரிசைச் சுவரோடு நின்றார். றஜீனா அவரிலிருந்து நாலு கதிரை தள்ளி நின்றாள்.

வெளியே வந்தபோது இராஜேந்திரனின் வெள்ளை வான் கேற்றால் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முன் சீற்றில் அவர் மட்டும்தான்.

றொஷான் காரை எடுத்தான். பெரியதெருவுக்கு ஏறும் சந்தியில் சிவப்பு விழுந்திருந்தது. இடதுபக்கம் பஸ் நிறுத்தத்தில் றஜீனா நின்றாள். கடுநீலச் சேலைக்கு மேல் கோட்டு, கையில் பை. பஸ் வரும் திசையை விட்டு மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூறலாகப் பெய்யத் தொடங்கியிருந்தது. அவளிடம் குடையில்லை.

"அம்மா, றஜீனா அன்ரி நிக்கிறா."

சற்குணம் சிவப்பு விளக்கையே பார்த்தாள்.

"அங்கிள் எங்க? விட்டிட்டுப் போட்டாரோ?" அவன் காரை ஓரங்கட்ட இடது சிக்னலைப் போட்டான். "ஏத்துவமே அம்மா?"

சிக்னல் டிக் டிக்கென்று அடித்தது. றஜீனா காரைக் கண்டுவிட்டாள். ஓரடி முன்னே வந்தாள், பிறகு நின்றாள். வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"அம்மா?"

"பச்சை விழுந்திட்டுது," என்றாள் சற்குணம். "போ."