முப்பத்தெட்டுப் புதன்கிழமைகள்

கிளினிக்கில் அவளுக்கு வைத்த பெயர் ‘சக்‌ஷன்’. பல் மருத்துவம் படித்துத் தேறியவளுக்கு மூன்று வருஷமாக அதுதான் வேலை: இன்னொருத்தர் பல் பிடுங்க, இவள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாம் பல் மருத்துவக் கவுன்சில் தலைவர் புண்ணியம். அந்த மனுஷனை மனசுக்குள் வையாமல் ஒரு நாள்கூட அவள் பல் துலக்கியதில்லை.

மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் ஒரு வருஷப் பயிற்சி இருந்தால் தொழில் செய்யப் பதிவு கொடு என்கிறது சட்டம். அவள் முடித்திருந்தாள். ஆனால் பதினொரு நாள் மட்டும் அவளுடைய மூத்தவர் பக்கத்து அறையில் நோயாளி பார்த்தார். “மேற்பார்வைன்னா அதே அறையில இருக்கணும்” என்று தலைவர் சட்டத்துக்கு விளக்கம் சொன்னார். அந்தப் பதினொரு நாளைக் கணக்கிலிருந்து கழித்தார். வருஷம் நிரம்பவில்லை, விண்ணப்பம் தள்ளுபடி. போதாக்குறைக்கு உத்தரவின் ஓரத்தில் பச்சை மையால் எழுதினார்: ‘இது பயிற்சி அல்ல, விளையாட்டு.’ அதற்குப் பிறகு அவளை யார் பயிற்சிக்குச் சேர்ப்பார்கள்?

வக்கீலான சித்தி மேல்முறையீடு போட்டாள். மூன்று வருஷம் இழுத்தடித்துவிட்டு, கவுன்சில் போன மாதம் ஒரு கட்டுப் பதில் அனுப்பியது. கடமை தவறாதவர்கள் என்று காட்ட, ஒரு வருஷக் கூட்டக் குறிப்புகள். பயிற்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, ஒரு மாதிரிப் பயிற்சிப் பதிவேடு. யாருடையது? தலைவரின் மகளுடையது, அப்பாவிடமே எடுத்த பயிற்சி. திமிர் கண்ணை மறைத்தால் இப்படித்தான்.

சக்‌ஷன் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாகப் பார்த்தாள். புதன்தோறும் தலைவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதே புதன், அதே நேரம், ஊருக்கு மறுகோடியில் மகளை மேற்பார்வையும் பார்த்திருக்கிறார். ஒன்றல்ல இரண்டல்ல, முப்பத்தெட்டு. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சித்தி அதை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாள்.

விசாரணை அன்று தலைவர் தாழ்வாரத்தில் காத்திருந்தார். “நாளைக்கே பதிவு போட்டுடலாம்மா. என் பொண்ணை விட்டுடு.”

“அன்னைக்கு உங்க ரூம்ல கையெடுத்துக் கும்பிட்டேனே சார். நானும் ஒருத்தர் பெத்த பொண்ணுதான்.”

உள்ளே நீதிபதி கூட்டக் குறிப்புகளையும் பதிவேட்டையும் புரட்டினார். “உங்க விளக்கப்படி பார்த்தா உங்க மகளோட பதிவும் செல்லாது. விளக்கம் சரியா, தப்பா?”

தலைவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சக்‌ஷனுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரே ஒரு கணம்தான்.

“தப்பு” என்றார்.

“அதை அவர் கையால எழுதித் தரணும், ஐயா. பழசையும் அவர் கையாலதான் எழுதினார்” என்றாள் அவள். நீதிபதி தலையசைத்தார். தலைவர் தன் பச்சை வரியை அடித்து, கீழே ‘என் விளக்கம் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவளுக்குச் சொந்தக் கிளினிக். பதிவுச் சான்றிதழ் எங்கோ மேஜை டிராயரில் கிடக்கிறது. அந்த உத்தரவின் நகலைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள், அதுவும் சுவரில் இல்லை. நாற்காலிக்கு நேர்மேலே, கூரையில். வருகிறவர்களெல்லாம் மல்லாந்து வாயைப் பிளந்துகொண்டு அதை முழுசாகப் படித்த பிறகுதான் அவள் கருவியைக் கையில் எடுப்பாள்.