பத்து விரல் போதும்

"இன்னும் கீழ. ஏட்டி, பலமா அழுத்து" என்றார் தங்கசாமி.

ஜான்சி இரண்டு கட்டைவிரல்களையும் கணவரின் இடது தோள்குழியில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சில் ஏதோ பிடித்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்.

தாராவியில் இரும்பு ஏணி வைத்து ஏறும் இந்த ஒற்றை அறையில் அவர் தங்கசாமி. செம்பூரில், ஏசி வைத்த இரண்டு அறைகளில், டாக்டர் டி. ஸ்வாமி. அந்த டாக்டர் பட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கூரியரில் வந்தது என்பதுதான் நேர்மையான பதில். அங்கே சுவரெங்கும் மசாஜின் பெயரில் நாடுகள் தொங்கின: ஸ்வீடிஷ், தாய்லாந்து, ஜப்பானின் ஷியாட்சு. போதாததற்குக் கேரளா. எண்ணெய் மட்டும் எல்லா நாட்டுக்கும் சயானில் ஒரே கடையில் வாங்கியது. ஆனாலும் கழுத்துப் பிடித்து வந்தவர்கள் நிமிர்ந்து போனதும் உண்மை. பெண்களுக்கு ஜான்சி பிடித்துவிட்டாள். அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

அன்று மாலை மாட்டுங்காவில் ஒரு சங்கத்தில் அவருக்குப் பேச்சு. "மார்வலிக்கு மருந்தெதற்கு? பத்து விரல் போதும்" என்று பேனர் அடித்துவிட்டார்கள். அதில் வெள்ளை ஜிப்பாவில், உள்ளங்கையில் ஒரு சிவப்பு இதயத்தை ஏந்தி, அதை விற்க வந்தவரைப் போல நின்றார்.

"ஏங்க, சயான் ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்திருவோம்."

"வாயுட்டி இது. சாயந்தரம் மேடையில ஏறி என்னத்தச் சொல்லுவேன்? ஆஸ்பத்திரியில இருந்து நேரா வாரேன்னா?"

அப்போது ஏப்பம் வந்தது. நீளமான, முழுமையான ஏப்பம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஜான்சி மனதுக்குள் சுடலைமாடனுக்கு ஒரு சேவல் நேர்ந்துவிட்டு டீ போடப் போனாள்.

டீயோடு திரும்பியபோது பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தாடை வலிக்கிறது என்றார். வலி இடம் மாறுவது நல்ல அறிகுறி என்றும் அவரே சொன்னார். ஷியாட்சு போதும், ஸ்வீடிஷ் போடு என்று நாட்டை மாற்றினார். கையிலிருந்து தோளுக்கு, காலிலிருந்து இடுப்புக்கு நீளமாக நீவ வேண்டும். ரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுவது அதன் விதி. வாங்கிக்கொள்ளும் நிலையில் இதயம் இருக்கிறதா என்பதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. ஜான்சி நீவினாள். வியர்வையில் எண்ணெய் நிற்காமல் வழுக்கியது. வழுக்க வழுக்க இன்னும் பலமாகப் பிடித்தாள்.

கீழே பெல்ட் பட்டறை வைத்திருந்த ஜெயினுலாப்தீன் முனகல் கேட்டு ஏணியேறி வந்தார். பார்த்தவுடன் இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தார்.

"தங்கச்சி, ரிக்‌ஷா நிப்பாட்டியிருக்கேன். அண்ணாச்சிய நாங்க தூக்கிருதோம். நீங்க சும்மா கூட வந்தாப் போதும்."

தங்கசாமி கண்ணைத் திறக்காமலே, உடம்பில் ஓடும் சக்தி நாளங்களைப் பற்றியும், ஆஸ்பத்திரிக்காரர்கள் அவற்றை எப்படி அடைத்துவிடுகிறார்கள் என்பதைப் பற்றியும் சொற்பொழிவைத் தொடங்கினார். மூச்சு வாங்கியதால் முடிக்கவில்லை. ஜெயினுலாப்தீன் ஜான்சியைப் பார்த்தார். அவள் ஒரு சொல் சொன்னால் போதும் என்று நின்றார்.

"அவரு வேண்டாம்ங்காரு பாய்" என்றாள் ஜான்சி. "கொஞ்சம் கீழ நில்லுங்க."

அடுத்தது தாய்லாந்து. கையைப் பிடித்து, குதிகாலை அவர் விலாவில் ஊன்றி இழுக்க வேண்டும். ஜான்சி இழுத்தாள். வாய்விட்டு அழுதுகொண்டே இழுத்தாள். "போதும். இப்ப சொகமா இருக்கு" என்றார். கண்கள் மூடியிருந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

கைக்குக் கீழே ஆள் தூங்கிவிட்டால் தொழில் ஜெயித்தது என்று அர்த்தம். செம்பூரில் அதுதான் கணக்கு. தூங்கியவரை எழுப்பக் கூடாது, பட்டென்று கையை எடுக்கவும் கூடாது. ஜான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாலியை எடுத்து ஒற்றிக்கொண்டு, அவருடைய முன்னங்கையை மெதுவாக நீவிக்கொண்டிருந்தாள். பிறகு பாதத்தை. ஒவ்வொரு விரலாக.

அவருடைய குறட்டைக்குப் பட்டறைக்காரர்கள் பல தடவை கீழேயிருந்து தட்டியிருக்கிறார்கள். இன்று குறட்டை இல்லை என்பது அவளுக்கு இடது பாதத்தை முடிக்கும்போதுதான் உறைத்தது.

தெருமுனை டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். வலி எப்போதிலிருந்து என்று இந்தியில் கேட்டார்.

"அபி அபி, டாக்டர் சாப்" என்றாள் ஜான்சி. "இப்பத்தான். பல்லு தேச்சுக்கிட்டிருந்தாரு."

ஏணி வாயில் நின்ற ஜெயினுலாப்தீன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு கீழே போய், அதுவரை நின்றுகொண்டிருந்த ரிக்‌ஷாவை அனுப்பிவிட்டார். பட்டறை ஆட்கள் தங்கசாமியைப் போர்வையில் வைத்து இறக்கினார்கள். ஒன்றும் நேரம் ஆகவில்லை.

காட்கோபரிலிருந்து அவருடைய அக்கா முத்துமாரி மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். சந்தில் சேலையை மறைப்பாகக் கட்டிக் குளிப்பாட்டுவதற்காகப் பனியனைக் கழற்றினார்கள். இடது தோளில் கருஞ்சிவப்பாக இரண்டு வட்டங்கள். புஜத்தைச் சுற்றி நான்கு தடங்கள், வரிசையாக.

முத்துமாரியின் அழுகை நின்றது. "எமன் கை வச்ச தடம்லா இது" என்றாள். "கயித்தப் போட்டு இழுக்கல பாத்தியளா. எந்தம்பிய தோளப் புடிச்சு, மரியாதையா கூட்டிட்டுப் போயிருக்கான்."

பெண்கள் மறைப்பை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். தன் மாமனாருக்கும் இதேபோல் இருந்தது, ஆனால் இவ்வளவு தெளிவாக இல்லை என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாதாரண ஆளுக்கு இப்படி வராது, டாக்டர் பட்டம் சும்மாவா கொடுத்தார்கள் என்று சங்கத்திலிருந்து மாலையோடு வந்தவர் சொன்னார். ஜெயினுலாப்தீன் சற்றுத் தள்ளி, பட்டறை ஷட்டரில் சாய்ந்து நின்றார்.

ஜான்சி கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

தலைக்கு எண்ணெய் வைக்கக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வைத்து முடித்து, கடைசியில் அவளுடைய முறை வந்தது. முத்துமாரி அவளைத் தோளில் தாங்கிக் கூட்டிப்போனாள். கிண்ணத்தில் விரலைத் தோய்த்த ஜான்சி, பழக்கத்தில் உள்ளங்கையை அவர் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"அப்படி இல்லட்டி" என்று முத்துமாரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பொறங்கையால வைக்கணும். தேய்க்கக் கூடாது. சும்மா தொட்டாப் போதும்."

ஜான்சி கையைத் திருப்பினாள். முத்துமாரி எண்ணெயை ஊற்றினாள். புறங்கையில் எண்ணெய் நிற்கவில்லை. விரலிடுக்கு வழியாக ஓடி, மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரைக்கும் வழிந்தது. அவர் தலைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு சொட்டுதான்.