தும்மல்காரன் வாங்கிய மோதிரம்

நகைக்கடையில் கல் பார்க்கிற வேலையில் இருந்தவனுக்குப் போலிக் கல்லைக் கண்டால் தும்மல் வரும். சின்னக் கல்லுக்கு ஒரு தும்மல், பெரிய கல்லுக்கு இரண்டு. அசல் வைரத்துக்கு அவன் மூக்கு அசைந்து கொடுக்காது. பதினாறு வருஷமாக இப்படித்தான். கடையிலிருந்த சோதனை இயந்திரம் பழுதானபோது அதைப் பழுதுபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அதன் தலையில் தண்ணீர்க் கூஜா உட்கார்ந்திருக்கிறது. அவனுக்குச் சளி பிடித்தால் மட்டும் முதலாளி அவனை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார். ஒருமுறை சளியோடு வேலைக்கு வந்து, ஒரு தட்டு நிறைய நல்ல வைரங்களைத் தும்மித் தள்ளி, அவை கண்ணாடிக் கல்லாக விற்றுப்போனதிலிருந்து வந்த ஏற்பாடு அது. கல்லில் தொடங்கிய வியாதி நாளடைவில் பிளாஸ்டிக் பூ, சாயம் போட்ட தலை, ஒட்டு மீசை வரைக்கும் பரவியது. அக்கா பார்த்து வைத்த பெண்களில் ஒருத்தி சவுரி வைத்திருந்தாள். அவள் முன்னால் இவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, தும்மிவிட்டுத் திரும்பி வந்தான். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த வருஷம் அவனுக்கு முன்பல் ஒன்று உடைந்தது. பல் வைத்தியர் அவனைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒருத்தி செயற்கைப் பல் செய்து கொண்டிருந்தாள். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகள் முழுக்கச் சுண்ணாம்புத் தாடைகள், ஓரத்தில் ரொட்டி சுடுகிற அளவுக்கு ஒரு சின்ன உலை. வாசல்படியில் கால் வைத்ததுமே இவன் முந்நூறு பல்லுக்கும் சேர்த்துத் தும்ம ஆரம்பித்தான். அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் ஒரு கைத்துண்டை நீட்டிவிட்டு, இரண்டு தும்மலுக்கு நடுவில் அவன் பல்லின் நிறத்தைக் குறித்துக்கொண்டாள். புதுப் பல் வாய்க்குள் வந்தபின் மூன்று நாள் விடாத தும்மல். நான்காம் நாள் ஒரு கொய்யாக்காயைக் கடித்தபோது பல்லை மறந்து போனான், தும்மலும் நின்றுவிட்டது. நன்றி சொல்லப் போனவன் அந்த முந்நூறு பல்லுக்கு நடுவிலும் சும்மா உட்கார்ந்திருக்க முடிந்ததைப் பார்த்து அதிசயப்பட்டான். இது நிஜம்தானா என்று சோதித்துப் பார்க்கத் தினமும் சாயங்காலம் போக வேண்டியதாயிற்று. ஏழு மாதம் சோதித்தான்.

நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்கிற பேச்சு வந்தபோதுதான் சிக்கல். வைரம் வேண்டாம், வைரம் மாதிரி மின்னுகிற ஜிர்கோனியா கல் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

“பல் செய்யிற சரக்கும் அந்தக் கல்லும் ஒரே வம்சம். பொழுது விடிஞ்சா நான் அதோட முகத்துலதான் முழிக்கிறேன். அதைப் போட்டுக்கிட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும். வைரமா, அது என்கிட்ட நிறைய இருக்கு, பல்லு தேய்க்க” என்று வைரத் தூள் பூசிய கருவி முனைகளை டப்பாவோடு எடுத்துக் காட்டினாள்.

அக்கா காதில் இது விழுந்ததும், கல் பார்க்கிறவன் பெண்டாட்டி கையில் போலிக் கல்லா, நாளைக்கு நான் வெளியே தலை காட்ட வேண்டாமா என்று ஒற்றைக் காலில் நின்றாள். முதலாளியும் கடை மானம் என்ன ஆவது என்று கையைப் பிசைந்தார். இவன் பாடு மத்தளம் மாதிரி ஆயிற்று. உள்ளதைச் சொல்வதென்றால் அவனுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆயுசுக்கும் அந்த மோதிரத்தைப் பார்த்துத் தும்ம வேண்டியிருக்குமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. நான்கு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான்: நிஜ வைரத்தைப் பதித்து, அவளிடம் ஜிர்கோனியா என்று சொல்லிவிடுவது. அவளுக்கும் திருப்தி, அக்காவுக்கும் திருப்தி, மூக்குக்கும் திருப்தி. கல் அசலாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் அசல்தான் என்று நம்புவது அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

நிச்சயம் காலை பத்து மணிக்கு, வாடகைக்கு எடுத்த கூடத்தில், அறுபது பேர் முன்னால் நடந்தது. மோதிரத்தை அவள் விரலில் போட்டு, “நீ கேட்ட கல்லுதான்” என்றான். என்றதும் தும்மினான். அதுவரை அவன் தும்மியதெல்லாம் தும்மலே இல்லை என்று ஆகிவிட்டது. ஒன்பதாவது தும்மலில் மேஜை விரிப்பு நகர்ந்தது. வைரம் தன் கடையிலிருந்து போனது என்று தெரிந்த முதலாளி பேயறைந்தவர் மாதிரி நின்றார். அவர் கடையில் நகை வாங்கியிருந்த பெண்கள் எல்லோரும் அவரவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்து நேரே கடைக்கே கிளம்பிவிட்டார்கள்.

அவள் மட்டும் பதறவில்லை. மோதிரத்தைக் கழற்றி, கல்லின் மேல் வாயால் ஊதினாள். போலிக் கல்லில் மூச்சுப் பட்ட பனி சற்று நேரம் தங்கும். இதில் கண் இமைப்பதற்குள் கலைந்துவிட்டது.

“கல்லு அசல். அப்ப இங்க போலி யாரு?” என்றாள்.

தும்மலுக்கு நடுவே துண்டு துண்டாக அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கடைசித் துண்டு வெளியே வந்ததும் தும்மல் நின்றது. அவள் மோதிரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகிறவள் போய்விடுவாள், அதற்கப்புறம் எந்தச் சாயங்காலத்துக்கும் அர்த்தமில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் வேலை உங்களுக்கு வெட்கமா இருக்கா?”

“இல்ல” என்றான். மூக்கு நுனி குறுகுறுத்தது. கூடமே அந்த மூக்கைப் பார்த்தது. கையால் பொத்திப் பார்த்தான், அடங்கவில்லை. கையை எடுத்துவிட்டான்.

“இருந்துச்சு. இன்னைக்குக் காலைல சட்டை மாட்டும்போதுகூட இருந்துச்சு. இப்ப நீ போயிடுவியோன்னு பயம் மட்டும்தான் இருக்கு. வெட்கம் இல்ல.”

குறுகுறுப்பு இறங்கியது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அறுபது வினாடி நிதானமாக எண்ணினாள். தொழிலில் பழகிய ஜாக்கிரதை. ஒன்றும் வரவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பையைக் கீழே வைத்தாள். முதலாளியே கடைக்கு ஓடிப் போய், பதினாறு வருஷமாக இவன் தும்மி ஒதுக்கிய கற்கள் கிடந்த பெட்டியைத் தூக்கி வந்தார். பல்லுக்கு நிறம் பார்க்கிற கண்ணால் அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாப்பாடு ஆறிப்போனதைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தக் கல்லுக்கு அவன் தும்மவில்லை. மற்ற போலிகளுக்கு வழக்கம்போலத் தும்மிக்கொண்டு வேலையில் தொடர்ந்தான். முதலாளியும் அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவன் யார் சொன்ன பொய்க்கும் தும்மினான். அதனால் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துத்தான் பேசினார்கள். மரியாதைக்கு ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டுப் போகிற வழி அங்கே கிடையாது. அக்கா வாரம் தவறாமல் வருவாள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளையைக் கொஞ்சுவாள், மோதிரம் இருக்கிற பக்கம் மட்டும் பார்வையைத் திருப்ப மாட்டாள். நான்கு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் தம்பி பெண்டாட்டி பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், “அந்த மோதிரம் உன் கைக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள். பிள்ளை உட்பட மூன்று பேரும் அவன் மூக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு இருந்தது. அக்கா காபியை எடுத்துக் குடித்தாள்.